சுரங்க ஆய்வாளரின் எல்லை

இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கங்களை அரசு சார்பில் இறங்கிப் பார்க்கும் வேலை 1894-ல் ஒரே ஒருவரோடு தொடங்கியது. அவர் பெயர் ஜேம்ஸ் கிரண்டி. புவியியல் ஆய்வுத் துறையின் கீழ் சுரங்க ஆய்வாளராக அவர் அமர்த்தப்பட்டபோது, வங்காளத்தின் ராணிகஞ்சில் நிலக்கரி வெட்டத் தொடங்கி 120 ஆண்டுகள் ஆகியிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த சம்னர், ஹீட்லி இருவரும் 1774-ல் அங்கே குழி தோண்டினார்கள். அன்றிலிருந்து எத்தனை பேர் உள்ளே போய்த் திரும்பாமல் போனார்கள் என்பதற்கு முறையான கணக்கு இல்லை. கணக்கு வைக்கச் சொல்லும் சட்டமும் இல்லை. கிரண்டியின் கையிலும் சட்டம் இல்லை. பார்க்கலாம், எழுதி அனுப்பலாம், யோசனை சொல்லலாம். சுரங்க முதலாளி கேட்காவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றும் கிடையாது.

இங்கிலாந்தில் இந்தக் கட்டம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கடந்துபோயிருந்தது. பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் சுரங்கத்தின் உள்ளே வேலை செய்யக் கூடாது என்று 1842-ல் அங்கே சட்டம் வந்தது. ஆனால் சுரங்கத்தின் காற்றோட்டம், கூரை, இயந்திரம் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் அதிகாரம் 1850-ல்தான் கிடைத்தது. முதலில் நியமிக்கப்பட்ட நான்கு ஆய்வாளர்களும் நாட்டைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் இந்தப் பங்கீடு ஒரு தீ விபத்துக்குப் பிறகு வந்தது. பென்சில்வேனியாவில் அவான்டேல் சுரங்கத்துக்கு ஒரே வாய்தான். 1869 செப்டம்பரில் அந்த வாய்க்கு மேலிருந்த கட்டடம் தீப்பிடித்ததும் வெளியே வர வழியின்றி, மீட்கப் போன இருவரோடு சேர்த்து 110 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே அந்த மாநிலம் தன் நிலக்கரிப் பகுதியை ஆய்வு மாவட்டங்களாகப் பிரித்து ஆள் போட்டது. சுரங்கத்துக்கு இரண்டு வழி வேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1862-லேயே எழுதிவிட்டது. அதற்கு முன் ஹார்ட்லியில் 204 பேர் அதே காரணத்தால் மாண்டிருந்தார்கள்.

இந்தியச் சட்டத்துக்கும் பிணக் கணக்குதான் வழிவிட்டது. 1897-ல் கோலார் தங்கவயல் விபத்தில் 52 பேரும், 1899-ல் பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேரும் இறந்தார்கள். கோலாரில் மடிந்தவர்களைப் பற்றிப் படிக்கும் தமிழ் வாசகர், அங்கே மண்ணுக்குள் இறங்கிய கூலியாட்களில் பெரும்பங்கு வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு விபத்துகளும் இழுபறியாகக் கிடந்த சட்ட முயற்சியை முடுக்கிவிட்டன. 1901 மார்ச்சில் இந்தியச் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரி 7-ல் கல்கத்தாவில் சுரங்க ஆய்வுக்கென்று தனி அலுவலகம் திறந்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டுவரக் காரணமான கோலார், மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கே செல்லாது; சமஸ்தானம் தன் சொந்த விதிகளோடு நடந்துகொண்டது. நிஜாம் எல்லைக்குள் இருந்த சிங்கரேணி நிலக்கரிக்கும் அதே நிலைதான்.

1908-ல் அலுவலகம் கல்கத்தாவை விட்டு தன்பாத்துக்குப் போனது. ஜாரியா வட்டாரத்துக்கு 1890-களில் ரயில் பாதை போட்டதிலிருந்து நிலக்கரித் தொழிலின் பாரம் ராணிகஞ்சிலிருந்து மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. ஆய்வாளரும் அதன் பின்னாலேயே போனார். பெயர்ப்பலகை பல முறை மாறி, 1967-லிருந்து சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் என்ற பெயர் நிலைத்தது. ஊர் மட்டும் மாறவில்லை. சுரங்கப் பொறியாளர்களை உருவாக்க 1926-ல் தொடங்கிய இந்தியச் சுரங்கப் பள்ளியும் அதே தன்பாத்தில்தான் அமைந்தது.

தன்பாத்தில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுவதையும் பார்க்க முடியாது. அதனால் துறை மண்டலம், வட்டாரம், துணை வட்டாரம் என்று பிரிந்தது. இந்தப் பிரிவுகள் வருவாய் மாவட்டங்களை அப்படியே பின்பற்றுவதில்லை. சுரங்கம் எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அங்கே வட்டாரம் சிறுத்துவிடும். தன்பாத்தைச் சுற்றி மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட வட்டாரங்கள் உண்டு. ஒன்றின் எல்லையிலிருந்து இன்னொன்றுக்குக் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். தமிழ்நாடோ சென்னை வட்டாரத்தின் கீழும், அது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டலத்தின் கீழும் வருகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், சேலம் வெள்ளைக்கல், கோவை, திருப்பூர், கரூர் கல் குவாரிகள் எல்லாம் அதிலேயே அடக்கம். ஆய்வாளர் ஒருவர் தினமும் எவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும் என்பது இந்தத் துறையின் திறமையைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம். சட்டப் புத்தகம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாவட்டம் என்ற சொல் சுரங்கத்துக்குள்ளும் உண்டு. தொழிலாளர்கள் வாயில் அது 'டிஸ்ட்ரிக்ட்' என்றே வழங்கும். நிலத்தடிச் சுரங்கத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மைனிங் சர்தார் ஒருவரின் பொறுப்பில் விடுவார்கள். அவர் தம் கடமையை முழுதும் செய்ய முடியாத அளவுக்கு அந்தப் பகுதி பெரிதாக இருக்கக் கூடாது என்று ஒழுங்குவிதி சொல்கிறது. ஷிப்ட் ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்பே அவர் தம் டிஸ்ட்ரிக்டைச் சுற்றி வந்து, பார்த்ததைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு மேல் ஓவர்மேன், உதவி மேலாளர், மேலாளர். இவர்கள் ஒவ்வொருவரும் அரசுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்களாக இருந்தாக வேண்டும். மேலாளர் இல்லாமல் சுரங்கம் ஒரு நாளும் ஓடக் கூடாது. உண்மையில் இந்திய முறையின் அடித்தளம் இதுதான். ஆய்வாளர் எப்போதாவது வருகிறவர். அன்றாடப் பாதுகாப்பின் பொறுப்பை முதலாளியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் சான்றிதழ்காரர் தலையில் சட்டம் ஏற்றிவைத்திருக்கிறது. வேலையைத் தள்ளச் சொல்லும் நிர்வாகத்துக்கும் நிறுத்தச் சொல்லும் விதிக்கும் நடுவே அகப்படுகிறவர் இந்தச் சர்தார்தான்.

ஷிப்டுக்கு முன் சர்தார் செய்யும் சோதனையில் பாதி காதால் நடப்பது. நீளமான கழியால் கூரையைத் தட்டினால், கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். மேலடுக்கிலிருந்து பிளந்து தொங்கும் பாறை, விரிசல் விட்ட பானையைத் தட்டினாற்போல் பொத்தென்று சத்தம் தரும். பொத்தென்ற இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது இடித்துத் தள்ள வேண்டும். இன்னொரு பாதி கண்ணால். 1815-ல் ஹம்ப்ரி டேவி கண்டுபிடித்த வழியில் வந்த பாதுகாப்பு விளக்கின் திரியை மிகச் சிறிதாக இறக்கிக் கூரையோரம் மெல்ல உயர்த்துவார்கள். மீத்தேன் வாயு இருந்தால் மஞ்சள் சுடரின் தலையில் மங்கலான நீலக் குல்லா ஒன்று தோன்றும். வாயு கூடக் கூடக் குல்லா உயரும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். விதி அந்த அளவு வரை காத்திருப்பதில்லை. ஓர் இடத்தில் 1.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சுரங்கத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் காற்றில் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்று மின்னணுக் கருவிகள் எண்ணைக் காட்டிவிடுகின்றன. கழியால் தட்டும் வழக்கம் மட்டும் போகவில்லை.

வாயு வெடிப்பை விட மோசமானது கரித்தூள் வெடிப்பு. சிறிய வாயு வெடிப்பு ஒன்று தரையில் படிந்த தூளைக் கிளப்பிவிட்டால் அந்தத் தூளே எரிபொருளாகிச் சுரங்கப் பாதை நெடுக நெருப்பு ஓடும். இதைத் தடுக்கச் சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்துப் பாதைகளில் தூவுகிறார்கள். எரியாத தூள் கலந்தால் எரியும் தூள் வெப்பத்தை இழந்து அடங்கிவிடும். இத்தனைக்கும் செலவு குறைந்த பாதுகாப்பு இது. ஆய்வாளர்கள் அடிக்கடி குறை கண்டதும் இதில்தான் என்றால் யாருக்கும் வியப்பு இருக்காது.

ஆய்வாளருக்குச் சட்டம் தரும் அதிகாரம், தாளில் பார்த்தால், கணிசமானது. இன்றைய முறைக்கு அடிப்படையாக, 2025 வரை நடப்பில் இருந்த 1952 சட்டப்படி அவர் பகலிலோ இரவிலோ சுரங்கத்துக்குள் நுழையலாம். வேலைக்குத் தேவையற்ற இடைஞ்சல் மட்டும் தரக் கூடாது. பதிவேடுகளைக் கேட்டு வாங்கலாம், யாரையும் விசாரிக்கலாம். தன்னைத் தானே குற்றத்தில் மாட்டவைக்கும் பதிலைச் சொல்லும்படி மட்டும் யாரையும் வற்புறுத்த முடியாது. விதியில் எழுதாத ஆபத்தாக இருந்தாலும் சரிசெய்யச் சொல்லி உத்தரவிடலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று கண்டால் ஆட்களை வெளியேற்றலாம். எந்தச் சுரங்கத்திலும் பங்கோ உரிமையோ உள்ளவர் ஆய்வாளராக இருக்கக் கூடாது. உயிர்ச்சேதம் நேர்ந்தால் தகவல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும். விபத்து நடந்த இடத்தை அவர் வந்து பார்க்கும் வரை கலைக்கக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் அவர் வராவிட்டால் வேலையைத் தொடரலாம் என்ற விலக்கும் அதிலேயே இருந்தது. வட்டாரத்தின் அளவு பெரிதாக இருக்கும் இடத்தில் அந்த 72 மணி நேரத்துக்கு அர்த்தம் வேறு.

மாவட்ட ஆட்சியருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. மத்திய அரசின் உத்தரவுக்கு உட்பட்டு அவரும் ஆய்வாளரின் வேலையைச் செய்யலாம். ஆனால் ஆபத்து என்று சொல்லி வேலையை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் சட்டம் அவரிடமிருந்து எடுத்துவைத்திருக்கிறது. கூரையைத் தட்டிப் பார்த்து ஓசையைப் படிக்கத் தெரிந்தவர் கையில்தான் அது இருக்க வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம்.

உழைக்கும் நேரமும் வயதும் பாதுகாப்போடு சேர்ந்தே வளர்ந்தன. 1923-ல் வந்த சட்டம் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை விலக்கியது. வாரத்துக்கு நிலத்தடியில் 54 மணி நேரம், மேலே 60 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 1935-ல் வயது 15 ஆனது. பெண்கள் விஷயம் இவ்வளவு நேராகப் போகவில்லை. ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் குடும்பமாக இறங்குவது வழக்கம்: புருஷன் வெட்டுவான், மனைவி கூடையில் சுமப்பாள், குழந்தையும் பக்கத்தில் கிடக்கும். 1929-ல் பெண்களைப் படிப்படியாக விலக்கும் விதி வந்து, 1937-ல் தடை முழுமையாயிற்று. குடும்பத்தின் வருமானத்தில் பாதி போனதற்கு யாரும் ஈடு செய்யவில்லை. போர்க்காலத்தில் நிலக்கரி போதாமல் போனதும் 1943-ல் அதே அரசு தடையைத் தூக்கி அவர்களை மறுபடி உள்ளே அனுப்பியது; 1946-ல் திரும்பவும் மூடியது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்த விதி எவ்வளவு நெகிழும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். மேற்பார்வை, தொழில்நுட்ப வேலைகளுக்காகப் பகல் நேரத்தில் பெண்கள் உள்ளே இறங்க 2019-ல் வழி திறந்தது.

விதிகளின் வரலாற்றை விபத்துப் பட்டியலோடு ஒட்டவைத்துப் படிப்பதே சரி. 1936 டிசம்பரில் பொய்டி சுரங்க வெடிப்பில் 209 பேர் இறந்தார்கள். 1939-ல் மீட்பு நிலையங்களுக்கான விதிகள் வந்தன. நச்சுக்காற்றுக்குள் மூச்சுக் கருவியோடு போகப் பயிற்சி பெற்ற ஆட்கள் ஓர் இடத்தில் எப்போதும் தயாராக நிற்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் அப்போதுதான் சட்டமானது. மீட்பு எவ்வளவு ஆபத்தான வேலை என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். இந்தியாவில் தலைமைச் சுரங்க ஆய்வாளராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய டபிள்யூ. எச். பிக்கரிங், 1912 ஜூலையில் யார்க்ஷயரின் கேட்பி சுரங்கத்தில் வெடிப்பு நடந்த அன்று மீட்புக் குழுவோடு உள்ளே போனார். இரண்டாவது வெடிப்பு அவரையும் சக ஆய்வாளர்களையும் சேர்த்துக் கொண்டுபோனது.

1958 பிப்ரவரியில் சின்னக்குரி வெடிப்பில் ஏறத்தாழ 175 பேர் இறந்தபோது, ஒழுங்குவிதிகள் புதுப்பிக்கப்பட்டு ஓர் ஆண்டுகூட முழுதாக ஓடியிருக்கவில்லை. 1957-ன் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் அப்போதுதான் வந்திருந்தன. 1958-லேயே அரசு, உரிமையாளர், தொழிற்சங்கம் மூன்று தரப்பையும் உட்காரவைத்து முதல் சுரங்கப் பாதுகாப்பு மாநாட்டைக் கூட்டினார்கள். 1965 மே மாதம் தோரியில் 268 பேர். அதற்குப் பத்தாண்டுக்குப் பிறகு வந்தது சாஸ்னாலா.

1975 டிசம்பர் 27 மதியம், தன்பாத் அருகே சாஸ்னாலாவில், வேலை நடந்துகொண்டிருந்த பகுதிக்கும் கைவிடப்பட்டு நீர் நிரம்பிக் கிடந்த பழைய பகுதிக்கும் இடையில் விட்டிருந்த நிலக்கரிச் சுவர் உடைந்தது. உள்ளே இருந்த 375 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சடலங்களை எடுக்கவே வாரக்கணக்கில் நீர் இறைக்க வேண்டியிருந்தது. பழைய நீர்க்குழியிலிருந்து 60 மீட்டருக்குள் வேலை செய்ய வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி அப்போதே புத்தகத்தில் இருந்தது. இந்த மாதிரி விபத்துகளில் எதிரி தண்ணீரும் அல்ல, பாறையும் அல்ல, பழைய வரைபடம். எந்தக் குழி எங்கே வரை போயிற்று என்று காட்டும் தாள் தவறாக இருந்தால், 60 மீட்டர் என்று நினைத்து வெட்டுகிறவன் கடைசி ஓர் அடியில் நிற்கக் கூடும். ராணிகஞ்சின் மகாவீர் சுரங்கத்தில் 1989 நவம்பரில் மறுபடியும் பழைய நீர் உள்ளே பாய்ந்தது. அங்கே சிக்கிய 71 பேரில் ஆறு பேர் போக, 65 பேர் தப்பினார்கள்: மேலிருந்து துளையிட்டு, உருக்குக் கூண்டு ஒன்றை இறக்கி, ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் தாமே அதில் இறங்கி ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். 1995-ல் காஸ்லிடாண்டில் ஆறு பெருகி உள்ளே புகுந்ததில் 64 பேர் இறந்தார்கள்.

சாஸ்னாலா விபத்து இன்னொரு கேள்வியையும் கிளப்பியது. 1971 முதல் 1973 வரை நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1975-ல் கோல் இந்தியா அமைந்தது. லாபத்துக்காக விதியை மீறும் தனியார் முதலாளி போய்விட்டார், இனி ஆபத்து குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. சாஸ்னாலாவை நடத்திய கம்பெனியோ அப்போது அரசின் கையில்தான் இருந்தது. உற்பத்தி இலக்கை விதிப்பதும் அரசு, பாதுகாப்பைப் பார்ப்பதும் அரசு என்ற நிலையில் ஒரு சிறு தடுப்பு மட்டும் இருக்கிறது: சுரங்கக் கம்பெனிகள் நிலக்கரி அமைச்சகத்தின் கீழும் ஆய்வுத் துறை தொழிலாளர் அமைச்சகத்தின் கீழும் இருக்கின்றன. 1980-களில் தொழிலாளர்களே தங்கள் சார்பில் ஆய்வாளரைத் தேர்ந்து அனுப்பவும், ஒவ்வொரு சுரங்கத்திலும் பாதுகாப்புக் குழு அமைக்கவும் விதியில் இடம் வந்தது. அரசு ஆள் மாதக்கணக்கில் வராத இடத்தில் கூலியாள் ஒருவருக்குக் குறை எழுதும் உரிமை கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

சுரங்கப் பாதுகாப்பு மத்திய அரசின் வேலை. அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 55-வது இனம் அது. தொழிற்சாலைப் பாதுகாப்பு மாநிலத்தின் கையில். இந்தக் கோடு எப்படி ஓடுகிறது என்பதை நெய்வேலியில் காணலாம். 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் போட்ட ஆழ்குழாயில் கறுப்பாக வந்த பொருள்தான் அந்த ஊரின் தொடக்கம். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அது திறந்தவெளிச் சுரங்கம், மீத்தேன் பயம் அங்கே இல்லை. பயம் அடியிலிருந்து வருகிறது. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் நிலத்தடி நீரைச் சுற்றிலும் ஆழ்குழாய் போட்டு இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத் தரை மேலே பொங்காமல் இருக்கும். அந்தக் குழியைப் பார்ப்பவர் மத்திய அரசின் சுரங்க ஆய்வாளர். அதிலிருந்து கன்வேயரில் போகும் கரியை எரிக்கும் கொதிகலனைப் பார்ப்பவர், கொதிகலன் சட்டப்படி, மாநிலத்தின் கொதிகலன் துறை ஆள். 2020 மே, ஜூலை மாதங்களில் அங்கே அனல் மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் வெடிப்புகளைச் செய்தியில் பலர் சுரங்க விபத்தாகவே நினைத்துக்கொண்டார்கள். சட்டத்துக்கு அவை வேறு கணக்கு.

அதே கோட்டைக் கோவைப் பக்கத்துக் கொங்கு நாட்டிலும் காணலாம், அங்கே நிலக்கரி கிடையாது என்றாலும். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து கோவை ஆலைகளைப் பெருக்கியது. கரிக்காக வடக்கே பார்க்கும் அவசியம் குறைந்தது. பவுண்டரிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறைகளில் பம்ப்செட்டுக்கும் மோட்டாருக்கும் வார்ப்படம் ஊற்றிய குபோலா உலைகளில் மூன்று சரக்கு அடுக்கடுக்காக ஏறும்: இரும்பு, கோக் கரி, சுண்ணாம்புக்கல். கோக் நெடுங்காலம் ஜாரியா, தன்பாத் பக்கத்திலிருந்து வந்தது. சுண்ணாம்புக்கல் இரும்பின் கசடைப் பிரித்தெடுக்க. உலையின் கதவடியில் நிற்கும் ஆளுக்குச் சட்டப்படிக் காவல் மாநிலத் தொழிற்சாலை ஆய்வாளர். உலையில் கொட்டும் கரியையும் கல்லையும் வெட்டிய ஆளுக்குக் காவல் தன்பாத்தின் துறை. கணபதியில் இன்று மின் உலைகள் வந்து குபோலாக்கள் குறைந்துவிட்டன.

இந்தப் பக்கத்தில் சுரங்க ஆய்வாளருக்கு உண்மையான வேலை கல் குவாரிகளில்தான். மதுக்கரையில் சிமெண்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுவது 1930-களிலிருந்து நடக்கிறது. பெரிய கம்பெனி, சான்றிதழ் பெற்ற மேலாளர், ஒழுங்கான படிக்கட்டு முறை. பல்லடம், சூலூர், கிணத்துக்கடவு பக்கத்து ஜல்லிக் குவாரிகள் வேறு உலகம். ஒரே குவாரிக்குக் குத்தகை தருவது மாவட்ட நிர்வாகமும் மாநிலக் கனிம வளத் துறையும். வெடிமருந்துக்கு உரிமம் தருவது மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. குழிக்குள் ஆள் பாதுகாப்பு சுரங்க ஆய்வாளர். குழிக்கு வெளியே கிரஷரின் தூசிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கனிம வளத் துறை அதிகாரி எத்தனை யூனிட் கல் போயிற்று என்று பார்க்க வருவார். பாறைச் சுவர் நிற்குமா என்பது அவர் கேள்வி அல்ல.

குவாரிகளில் பெரும்பாலானவற்றின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது சட்டத்தில் உள்ள ஒரு விலக்கு. கட்டடக் கல், ஜல்லி, மண், சுண்ணாம்புக்கல் போன்றவற்றைத் திறந்தவெளியில் வெட்டும் இடத்தில், மேட்டிலிருந்து பள்ளம் வரை ஆழம் 6 மீட்டருக்கு மேல் போகாமலும், ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடி வைக்காமலும் இருந்தால் சுரங்கங்களுக்கான சட்டத்தின் பெரும்பகுதி அங்கே பொருந்தாது. மூன்றில் ஒன்று மீறினாலும் அது முழுச் சுரங்கம்: அறிவிப்பு அனுப்ப வேண்டும், மேலாளரோ 'மைனிங் மேட்' என்ற மேற்பார்வையாளரோ வேண்டும், சான்றிதழ் பெற்ற பிளாஸ்டர்தான் வெடி வைக்க வேண்டும். கருங்கல்லை வெடியில்லாமல் யாரும் பெருவாரியாக எடுப்பதில்லை. அப்படிப் பார்த்தால் இயங்கும் ஜல்லிக் குவாரிகள் ஏறக்குறைய எல்லாமே சுரங்கம்தான். பாறைச் சுவரைச் செங்குத்தாக விடாமல் படிப்படியாக இறக்க வேண்டும் என்பது விதி. மேல்மண்ணில் படியின் உயரம் ஒன்றரை மீட்டருக்கு மிகக் கூடாது, அகலம் உயரத்தை விடக் குறையவும் கூடாது. படி வைத்தால் குத்தகை நிலத்தின் ஓரத்தில் கொஞ்சம் கல் எடுக்க முடியாமல் போகும். எல்லைக்கல் வரை செங்குத்தாக இறங்குவதன் காரணம் அந்தக் கொஞ்சம்தான். 2022 மே 14 இரவு, திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் சரிந்த பாறை ஆறு பேரை அடியில் போட்டது; நால்வர் இறந்தார்கள். ஆழக் குழியின் அடியில் இருட்டில் இயந்திரங்களோடு வேலை செய்தவர்கள் அவர்கள். அதன் பிறகுதான் அந்த மாவட்டத்துக் குவாரிகளை வரிசையாகச் சோதனை போட்டார்கள்.

கல் எடுத்து முடிந்த குழிகளைத் திருப்பூர், கோவைப் பக்கத்தில் பாறைக்குழி என்பார்கள். நீர் நிரம்பினால் சிறுவர்கள் குதிக்கும் குளம். காய்ந்தால் நகராட்சி குப்பை கொட்டும் இடம். வேலை நின்ற குழிக்கு வேலி போட வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு. வேலி பிய்ந்த பிறகு அதைக் கேட்க வருபவர் யார் என்பது கிராமத்தில் யாருக்கும் தெரியாது. இதைவிட விசித்திரம் கொங்கு நாட்டுக் கிணறு. நூறு அடிக்கும் மேல், தோட்டா வைத்து, கம்ப்ரசர் ஜாக்ஹேமரால் குடைந்து, மண்ணைக் கிரேனில் ஏற்றி வெட்டும் கிணறுகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. வேலையும் ஆபத்தும் ஆழ்குழிச் சுரங்கத்தின் வேலையும் ஆபத்துமே. ஆனால் தேடுவது கனிமம் அல்ல, தண்ணீர். நடைமுறையில் எந்தச் சுரங்க ஆய்வாளரும் கிணற்று மேட்டுக்கு வருவதில்லை.

ஆய்வாளர் போகாத நிலக்கரிச் சுரங்கமும் நாட்டில் இருக்கிறது. மேகாலயாவில் மலைவாசிகளின் சொந்த நிலத்தில் எலிவளை போல் குடைந்து கரி எடுக்கும் வழக்கத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. 2018 டிசம்பரில் அப்படி ஒரு வளைக்குள் ஆற்று நீர் புகுந்து குறைந்தது 15 பேர் மாட்டிக்கொண்டபோது, மீட்கப் போனவர்கள் கையில் அந்தக் குழியின் வரைபடம் இல்லை. வரைபடமே போடப்படவில்லை.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டமும் 1952-ன் சுரங்கச் சட்டமும் அதில் கரைந்துவிட்டன. ஆய்வாளர் என்ற பதவிக்கு, உதவுபவர் என்ற பொருளும் சேர்ந்த புதுப் பெயர் வந்திருக்கிறது. எந்த இடத்தை யார் போய்ப் பார்ப்பது என்பதைக் கணினி குலுக்கித் தீர்மானிக்கவும் இடமிருக்கிறது. கணபதியின் பவுண்டரிக்கும் கிணத்துக்கடவின் குவாரிக்கும் இனிச் சட்டம் ஒன்றே. பவுண்டரிக்கு வருகிறவர் மாநில அரசு ஜீப்பில் வருவார். குவாரிக்கு வருகிறவர் இன்னும் சென்னையிலிருந்து புறப்பட வேண்டும்.